கனிஷ்காவின் கனவை ஊரே கண்டது

மாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை ஊசிக்கல்பாளையம் மொத்தமும் ஒரே கனவைக் கண்டு எழுந்தது. அது ஒரே கனவுதான் என்பது பால் சொசைட்டி வாசலில் தூக்குப்போசியோடு வரிசையில் நின்றபோதுதான் தெரியவந்தது. கறிக்கடை அர்த்தநாரி, "ராத்திரி ஒரு கனவுங்க, நான் சின்னப் புள்ளையாட்டம் நம்ம மாரியம்மன் கோயில் வீதியில ஓடறேன், ஒரு கால்லதான் செருப்பு இருக்குது" என்று சும்மா பேச்சுக்கு ஆரம்பித்தார். முன்னால் நின்ற தையல்கார ருக்மணி திரும்பிப் பார்த்து, "எடது கால்லயாங்க?" என்றாள். அர்த்தநாரி ஆமாம் என்றார். "ஒவ்வொரு ஊட்டுக் கதவாத் தட்டிக்கிட்டே போறீங்களா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஒருத்தருமே தொறக்கறதில்லை" என்று பால் ஊற்றுகிறவர் படியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு சொல்லி முடித்தார். வரிசையின் கடைசியில் நின்ற ஜெசிந்தாவும் அதே கனவைக் கண்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கவுன்சிலிங் கொடுப்பதற்காக மணப்பாட்டுக் கடற்கரையிலிருந்து மார்கழியில்தான் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தவள் அவள். எல்லோரும் இது என்ன கனவு என்று பேசிக்கொண்டிருக்க, அவளுக்கு மட்டும் இது யாருடைய கனவு என்ற கேள்வி வந்தது.

தறி ஊரில் எதையும் தறி ஓட்டத்துக்குத் தோதாக வைத்துக்கொள்வார்கள், கனவையும் அப்படித்தான் வைத்துக்கொண்டார்கள். ராத்திரி ஷிப்டுக்காரர்கள் பகலில் படுத்துக் கனவைப் பார்த்தார்கள், பகல் ஷிப்டுக்காரர்கள் ராத்திரியில் பார்த்தார்கள், ஷிப்டு மாறும் வேளையில் தறிக்குடோன் வாசலில் நின்று "உங்களுக்கு எதுவரைக்கும் போச்சு?" என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். எல்லோருக்கும் அது ஒரே இடத்தில்தான் நின்றது: வீதியின் வடகோடியில் ஓட ஆரம்பித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கதவு கதவாகத் தட்டித் தட்டி, கை சிவந்து, குரல் கம்மி, தென்கோடிக் கடைசி வீட்டில் உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழும் சத்தத்தோடு முழிப்பு வந்துவிடும். லேட்டாகப் படுத்தால் கனவு பாதியிலிருந்துதான் வருகிறது என்று பெண்கள் சீக்கிரமே சோறு போட்டுப் பாத்திரத்தைக் கவிழ்த்தார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களுக்கும் இங்கே தலை சாய்த்தால் அதே கனவு வந்தது. பெண் பார்க்க வந்து தங்கிய குடும்பம் ஒன்று காலையில் காபி குடித்துக்கொண்டே, "எடமெல்லாம் நல்ல எடந்தானுங்க, ஆனா ஒரு அவசரம்னா கதவு தொறக்க மாட்டீங்களாட்ட இருக்குதே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பதிலே அனுப்பவில்லை. ஜோசியர் தலைமாட்டில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொன்னார், டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்தார், மாத்திரை போட்டவர்களுக்குக் கனவு இன்னும் துல்லியமாக வந்தது. அதில் ஒரு சுகம் இருக்கிறது என்றுகூடச் சிலர் சொன்னார்கள், ஏனென்றால் பிறந்ததிலிருந்து தடக் தடக் சத்தத்துக்குள்ளேயே வாழ்கிறவர்களுக்கு அந்தக் கனவு வீதியின் அமைதி பிடித்துப்போயிருந்தது. அந்த அமைதி எங்கிருந்து வந்தது என்று யாரும் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாள் இப்படி வேடிக்கையாகவே போனது. பிறகுதான் ஆட்கள் கனவில் தங்களைத் தாங்களே கவனிக்க ஆரம்பித்தார்கள். ஓடுவதும் நான், தட்டுவதும் நான், ஆனால் அண்ணாந்து பார்த்தால் ஜன்னலுக்குள்ளே தெரிகிற முகமும் என் முகம். அர்த்தநாரி, பேப்பரை மடித்து விசிறிக்கொண்டு ஜன்னலோரம் நிற்கிற அர்த்தநாரியை, அவர் தன்னைப் பார்த்துவிட்டு உள்ளே நகர்ந்துவிடுவதைப் பார்த்தார். ருக்மணி, திரைச்சீலையை விலக்கி ஒரு கண்ணால் பார்த்துவிட்டுத் திரும்ப இழுத்துவிடுகிற ருக்மணியைப் பார்த்தாள். பள்ளித் தலைமையாசிரியர் ஞானமூர்த்தி, கிரில் கதவுக்குப் பின்னால் லுங்கியோடு நின்று தன் மனைவியை உஸ்ஸென்று விரலால் அடக்குகிற ஞானமூர்த்தியைப் பார்த்தார், மறுநாள் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மாணவர்கள் முகத்தை நேராகப் பார்க்க அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது, ஏனென்றால் அவர்களும் அவரை லுங்கியில் பார்த்திருந்தார்கள். ஊருக்குக் கோபம் வந்தது. தூங்கவும் விடாமல் தங்களை இப்படி அசிங்கப்படுத்துவது யார் என்று தேட ஆரம்பித்தார்கள்.

கண்டுபிடித்தவள் ருக்மணிதான். கனவில் கதவைத் தட்டுகிற உள்ளங்கையில் பாதி அழிந்த மருதாணி இருந்தது, நடுவில் ஒரு மயில், மயிலின் வாலில் ஒரு இறகு தப்பாகத் திரும்பியிருக்கும். அது அவளே தன் தம்பி கல்யாணத்துக்காகப் போட்டுவிட்ட மருதாணி. இறகு தப்பாகப் போனதற்கு அவள் தும்மியதுதான் காரணம் என்பதால் அவளால் அதை மறக்க முடியாது. "அது நம்ம கனிஷ்கா கைங்க" என்று அவள் சொன்னதும் டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்கள்.

கனிஷ்கா வடகோடி முதல் வீட்டுப் பெண், எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் அப்பா வரதராசு விசைத்தறிச் சங்கத்தின் செயலாளர், எந்த வீட்டு நல்லது கெட்டதுக்கும் வெள்ளைச் சட்டையோடு முதல் ஆளாக வந்து நிற்கிறவர். அவள் அம்மா சாந்தாமணி போன ஐப்பசியில் ஒரு மத்தியானம் மாடிப்படியில் வழுக்கி விழுந்து செத்துப்போனாள் என்பது ஊர் சொன்ன கதை. அந்த வீதிக்கு ஒரு நாகரிகம் உண்டு: புருஷன் பெண்டாட்டிக்குள் நடப்பது காதில் விழுந்தால் விழாதது போல இருப்பது. சாந்தாமணி வீங்கிய கன்னத்தோடு குழாயடிக்கு வந்தால் முகத்தைப் பார்க்காமல் குடத்தைத் தூக்கிவிடுவார்கள், அவளை அவமானப்படுத்தாமல் இருப்பதற்குப் பெயர் பண்பு என்று மெய்யாகவே நம்பினார்கள். அவள் செத்த அன்று விசாரிக்க வந்த போலீஸ்காரரிடமும் வீதி முழுக்க ஒரே பதில்தான்: "தறி ஓடிக்கிட்டு இருந்துச்சுங்க, ஒண்ணும் கேக்கலை. வழுக்கித்தான் உழுந்திருக்கோணும்." அவரும் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

பள்ளியில் கெமிஸ்ட்ரி லேபுக்குப் பக்கத்தில் பழைய சாமான்கள் போட்டு வைத்திருந்த பச்சைக் கதவு அறைதான் ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது. அதைக் கழுவி, ஒரு பாயும் களிமண்ணும் கொஞ்சம் பொம்மைகளும் வைத்திருந்தாள். புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் மத்தியானம் அது கனிஷ்காவின் நேரம். அம்மா செத்ததிலிருந்து பிள்ளை ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, கேட்டதற்கெல்லாம் சிரித்த முகமாகப் பதில் சொல்கிறாள், ஆனால் கண்ணைச் சுற்றிக் கருவளையம் ஏறிக்கொண்டே போகிறது என்று வகுப்பு டீச்சர்தான் அனுப்பி வைத்தார். "நல்லாத் தூங்கறனுங்க மிஸ், எனக்குக் கனவே வர்றதில்லை" என்று முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள். வந்து உட்கார்ந்தால் களிமண்ணைத் தட்டையாகத் தட்டி, சின்னச் சின்னப் பலகைகளாக்கி, இரண்டு வரிசையாக எதிரெதிரே நிறுத்துவாள். மணியடித்ததும் எல்லாவற்றையும் உருட்டித் திரும்ப டப்பாவில் போட்டுவிட்டு, "தேங்க்ஸ் மிஸ்" என்று சொல்லிவிட்டுப் போவாள். ஜெசிந்தா அது என்னவென்று கேட்டதில்லை, "ரெண்டு வரிசையா நிக்குது" என்று மட்டும் சொல்வாள், அதற்குக் கனிஷ்கா தலையாட்டுவாள்.

தாங்க முடியாத ஒன்றைப் பிள்ளைகள் எப்படிச் சுமக்கிறார்கள் என்பது ஜெசிந்தாவுக்குத் தெரியும். சிலது வயிற்றுவலியாக வரும், சிலது நகம் கடிப்பதாக வரும், சில பிள்ளைகள் தங்களால் உணர முடியாததைப் பக்கத்தில் இருப்பவர்கள் கையில் கொடுத்து அவர்களை உணர வைத்துவிடுவார்கள். கோபமே வராத பையன் ஒருவன் உட்கார்ந்திருந்த வகுப்பில் மற்ற எல்லோரும் அடித்துக்கொண்டதை அவள் பார்த்திருக்கிறாள். இந்தப் பெண்ணுக்கு வகுப்பு போதவில்லை, ஊர் தேவைப்பட்டது. அதில் ஜெசிந்தாவுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரமே ஊர் அவளைத் தேடி வந்தது. தலைமையாசிரியர் அறையில் அர்த்தநாரி, ருக்மணி, இன்னும் வீதியின் பெரிய மனிதர்கள், எல்லோருக்கும் நடுவில் வரதராசு. ஞானமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர், நீங்க அந்தப் பொண்ணுகிட்ட நல்ல விதமாச் சொல்லி, அந்தக் கனவைக் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம் மாத்திக்கச் சொல்லோணுமுங்க" என்றார் அர்த்தநாரி. "நான் ஒரு சொம்புத் தண்ணியாச்சும் குடுக்கறாப்பல வந்தாப் போதும்."

"என்ற ஊட்டுக் கதவு பாதி தொறந்தாப்பல இருக்கட்டுங்க" என்றாள் ருக்மணி, தரையைப் பார்த்துக்கொண்டு.

தன்னை வேட்டியில் காட்டினால் நல்லது என்று ஞானமூர்த்தியும் சேர்த்துக்கொண்டார். ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்புக்கு அடியில் கோபமும் வந்தது. "சார், அந்த ரூமுக்குள்ள நான் ஒரு பிள்ளையையும் எதையும் மாத்திக்கச் சொன்னதில்ல. உங்க மூஞ்சி உங்களுக்குப் பிடிக்கலைங்கதுக்காக அவ கனவுல கைவைக்க மாட்டேன்."

"அப்புறம் எதுக்குங்க உங்களை வேலைக்கு வெச்சிருக்குது?" என்றார் ஒருவர்.

"அவ என்ன சொல்லுதான்னு கேக்கதுக்கு."

கடைசியில் வரதராசு பேசினார். பேசும்போது குரல் மெதுவாக, மரியாதையாக இருந்தது. "டீச்சரைச் சங்கடப்படுத்த வேண்டாங்க. அம்மா இல்லாத புள்ளை, என்னமோ மனசுல போட்டுக் குழப்பிக்குது. பங்குனித் தேர் முடிஞ்சதும் கூடலூர்ப் பக்கம் ஒரு ஆஸ்டல் பள்ளிக்கூடத்துல சேத்திடறேன். மலை மேல இருக்குது, லீவுக்குக்கூட அனுப்ப மாட்டாங்க. தூரமாப் போயிட்டா ஊருக்கும் நிம்மதி." கனவு அவருக்கு வருகிறதா என்று யாரும் அவரைக் கேட்டதில்லை, அவராக ஒரு தடவை, "எனக்கொண்ணும் வர்றதில்லீங்க" என்று சொல்லியிருந்தார். எல்லோரும் சரிதான் என்று தலையாட்டினார்கள். மலைமேல் அந்தப் பெண் தனியாகக் கிடப்பாள், இங்கே எல்லோரும் நிம்மதியாகத் தூங்குவார்கள், அவள் சொல்ல வந்தது அவளோடு அடங்கிப்போகும். தேருக்கு இருபது நாள்கூட இல்லை.

அடுத்த புதன்கிழமை காலையில் ஞானமூர்த்தி ஜெசிந்தாவை மாவட்ட அலுவலகத்தில் ஏதோ கூட்டம் என்று அவசரமாகப் பஸ் ஏற்றிவிட்டார். வெள்ளிக்கிழமை சொல்லிக்கொள்ளலாம் என்று அவளும் போய்விட்டாள். மத்தியானம் கனிஷ்கா வந்தபோது பச்சைக் கதவு பூட்டியிருந்தது. அவள் தட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்குத் திரும்பிப் போனாள்.

வியாழக்கிழமை காலை பால் சொசைட்டி வாசலில் ஜெசிந்தாவைப் பார்த்ததும் ஊருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. கனவு வீதியின் தென்கோடியில், கடைசி வீட்டுக்கும் அப்பால், புதிதாக ஒரு பச்சைக் கதவு முளைத்திருந்தது, அது பூட்டியிருந்தது, அதன் கண்ணாடித் துவாரம் வழியாகப் பார்த்தால் உள்ளே ஜெசிந்தா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "வாங்க டீச்சர், நீங்களும் எங்க வரிசைக்கு வந்துட்டீங்க" என்று அர்த்தநாரி அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து நின்றார். "இப்பத் தெரியுதுங்களா எங்க வருத்தம்? இப்பவாச்சும் அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுவீங்கல்ல?" என்று ருக்மணி ஆறுதலாகக் கேட்டாள்.

ஜெசிந்தாவுக்கு வலிக்கத்தான் செய்தது. என்னை அனுப்பியவர் தலைமையாசிரியர், நான் வேண்டுமென்று போகவில்லை, எத்தனை வாரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கிறேன், என்னையுமா இவர்களோடு சேர்க்கிறாய் என்று மனசுக்குள் ஒரு வழக்கே நடத்தினாள். பால் காய்ச்சி ஆறும் வரைக்கும் அந்த வழக்கு ஓடியது. பிறகு அவளுக்கே உறைத்தது, இந்த வீதியில் ஒவ்வொரு வீட்டிலும் இதே வழக்குதான் நடக்கிறது, ஒவ்வொருவர் கையிலும் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. கதவு பூட்டித்தான் இருந்தது. அவள் அந்தக் காரணத்தை அடுப்பங்கரையிலேயே விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கனிஷ்கா வந்து பாயில் உட்கார்ந்து, களிமண்ணை எடுத்துத் தட்ட ஆரம்பித்தாள்.

"புதன்கிழமை நீ வந்தப்போ இந்தக் கதவு பூட்டியிருந்துச்சு" என்றாள் ஜெசிந்தா.

"பரவால்லீங்க மிஸ். உங்களுக்கு மீட்டிங்குன்னு எச்செம் சார் சொன்னாருங்க."

"மீட்டிங் இருந்துச்சு. ஆனா நீ வந்து தட்டியிருக்க, நான் இல்ல. அது பரவாயில்லைன்னு எனக்குத் தோணல."

கனிஷ்கா சிரித்த முகத்தோடு பலகைகளை நிறுத்திக்கொண்டே போனாள். இரண்டு வரிசையும் முடிந்த பிறகு கடைசியில் ஒன்றைப் பெரிதாக நிறுத்தினாள். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள், கையில் எடுத்து உருட்டி ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்து எறிந்தாள். மூக்குக்கண்ணாடி கழன்று பாயில் விழுந்தது.

"எறியலாம்" என்றாள் ஜெசிந்தா. "மூஞ்சில மட்டும் வேண்டாம். அந்தச் சுவத்துல எறி."

"எனக்குக் கோவமெல்லாம் இல்லீங்க மிஸ்."

"இருந்தாலும் நான் இங்கதான் இருப்பேன். கோவம் இருக்கக் கூடாதுன்னு ஒண்ணும் இல்ல."

கனிஷ்கா அடுத்ததை எடுத்துச் சுவரில் எறிந்தாள், அதற்கடுத்ததையும் எறிந்தாள், பலகைகள் எல்லாம் தீர்ந்துபோனதும் எழுந்து போய் உள்தாழ்ப்பாள் போட்ட அந்தப் பச்சைக் கதவை உள்ளேயிருந்தே இரண்டு கையாலும் குத்த ஆரம்பித்தாள். "தட்டுனேன்" என்றாள். "தட்டுனேன், தட்டுனேன், நீங்களும் தொறக்கலை."

"நானும் தொறக்கல."

"யாருமே தொறக்கலை. அம்மா சொல்லுச்சு, ஓடிப்போயி யாரையாச்சும் கூட்டிக்கிட்டு வா கண்ணுன்னு. அப்பா அம்மா தலைமுடியப் புடிச்சிருந்தாரு. நான் ஓடுனேன். ருக்மணியக்கா பாத்துச்சு. கறிக்கடைப் பெரியப்பா பாத்தாரு. எச்செம் சார் பாத்தாரு. தறி ஓடுச்சு, கேக்கலைன்னு போலீசுகிட்டச் சொன்னாங்க. பொய்யிங்க மிஸ். அன்னிக்குக் கரண்டே இல்லை. மாசத்துக்கு ஒருக்கா நாள் பூரா நிறுத்துவாங்கல்ல, அன்னிக்குத்தான். ஒரு தறியும் ஓடலை. நான் தட்டுனது எனக்கே அவ்வளோ சத்தமாக் கேட்டுச்சு."

ஜெசிந்தாவுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. கனவில் அர்த்தநாரி பேப்பரால் விசிறிக்கொண்டதும் வீதி அவ்வளவு அமைதியாக இருந்ததும் எதனால் என்று அவளுக்கு இப்போதுதான் விளங்கியது. இப்போதே எழுந்து வீதிக்குப் போய் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் இது கனிஷ்காவின் நேரம், அவள் கோபத்தைக் கடன் வாங்கிக்கொண்டு முன்னால் ஓடிவிடக் கூடாது என்று தன் இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். வெளியே நடைபாதையில் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ஞானமூர்த்தி வந்து கதவைத் தட்டி, "என்ன சத்தம் அங்க? தொறங்க டீச்சர்" என்றார்.

"பீரியட் இன்னும் முடியல சார்" என்றாள் ஜெசிந்தா. "முடிஞ்சதும் வாறோம்."

அவர் இன்னும் இரண்டு தடவை தட்டினார். அவள் எழுந்திருக்கவில்லை. கனிஷ்கா கதவிலிருந்து கையை எடுத்துவிட்டுத் திரும்பி அவளைப் பார்த்தாள், பிறகு சரிந்து உட்கார்ந்து, ஐப்பசியிலிருந்து அழாததையெல்லாம் மணியடிக்கும் வரைக்கும் அழுதாள்.

அழுது முடித்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "இதை வெளிய சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"சொல்லித்தான் ஆகணும். இது உன்னோட மட்டும் இருக்கக் கூடாது. எப்படிச் சொல்லணும்னு நீ சொல்லு."

"நானே சொல்றனுங்க. நீங்க கூட வாங்க. ஆனா நீங்க பேசக் கூடாது."

"பேச மாட்டேன்."

"நாளைக்குக் காலைல. அப்பா நூல் எடுக்கக் கோயமுத்தூர் போயிருக்காரு, நான் இன்னிக்கு அத்தை ஊட்லதான்." அவள் கொட்டாவி விட்டாள். "எனக்குத் தூக்கம் வருதுங்க மிஸ்."

அன்றைக்குக் கனவு பச்சைக் கதவோடு நிற்கவில்லை. ஊசிக்கல்பாளையம் மொத்தமும் தென்கோடியில் திரும்பி, ஒற்றைச் செருப்போடு, வந்த வழியே மூச்சிரைக்க ஓடி, வடகோடி வீட்டுக்குள் நுழைந்தது. மாடிப்படியின் அடியில் சாந்தாமணி கிடந்தாள். படியில் வரதராசு உட்கார்ந்து, உடைந்த வளையல் துண்டுகளைப் பொறுக்கித் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்துப் பிரியமாக, "அம்மா வழுக்கி உழுந்துட்டா, கண்ணு. எங்க, சொல்லு பாக்கலாம்" என்றார். அர்த்தநாரியும் ருக்மணியும் ஞானமூர்த்தியும், ராத்திரி ஷிப்டு முடிந்து விடிந்த பிறகு படுத்தவர்களும், ஒரு சின்னப் பெண்ணின் வாயால், "அம்மா வழுக்கி உழுந்துட்டா" என்று சொன்னார்கள். அதைச் சொல்லிக்கொண்டேதான் ஒவ்வொருவரும் முழித்தார்கள். அந்த வாக்கியம் அவர்களுக்குப் புதிதல்ல, போலீஸ்காரரிடம் தாங்களே சொன்னதுதான், ஆனால் அன்று காலையில் பல் தேய்த்தும் அது வாயை விட்டுப் போகவில்லை. பால் சொசைட்டிக்கு யாரும் வரவில்லை. கரண்ட் இருந்தும் எந்தக் குடோனிலும் தறி ஓடவில்லை.

கனிஷ்கா யூனிபார்ம் போட்டுக்கொண்டு ஜெசிந்தாவோடு வீதியில் நடந்து வந்தபோது, வரதராசு அப்போதுதான் காரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"சனிக்கெழமை எங்க கண்ணு கெளம்பிட்ட?"

"போலீஸ் ஸ்டேசனுக்குங்கப்பா."

அவர் சிரித்தார். ஜெசிந்தாவைப் பார்த்து, "புள்ளைய நல்லாத்தான் கெடுத்து வெச்சிருக்கீங்க டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே மகளின் கையைப் பிடித்தார். ஜெசிந்தா நடுவில் போய் நிற்பதற்குள் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. ருக்மணி தலைகூட முடியாமல் ஓடிவந்து, "கையை உடுங்கண்ணா" என்றாள். அவர் விடவில்லை. "உடுங்கன்னு சொல்றனில்ல" என்று மறுபடியும் சொல்லிவிட்டு அவள் நகராமல் நின்றாள். வீதியில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவர் கையை எடுத்துவிட்டு, போனை எடுத்து வக்கீலைக் கூப்பிட்டார். கனிஷ்கா யாருக்காகவும் நிற்காமல் நடந்தாள், பின்னால் ஊர் வந்தது.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. பரமேஸ்வரி புதிதாக மாற்றலாகி வந்தவர், குவார்ட்டர்ஸில் படுத்து அவரும் அந்தக் கனவைக் கண்டிருந்தார். கனிஷ்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். ஜெசிந்தா பக்கத்தில் உட்கார்ந்து, சொன்ன சொல்படி வாயைத் திறக்கவில்லை. இடையில் வரதராசு வக்கீலோடு வந்து சேர்ந்தார். "ஊருக்கே ஏதோ கனவு வருதாமா, அதை வெச்சு என்ற மேல கேசு போடுவீங்களா மேடம்?" என்று அமைதியாகக் கேட்டார்.

பரமேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தார். "அவர் கேக்கறது சரிதாம்மா. கனவைச் சாட்சின்னு எழுத முடியாது."

"கனவைக் கேக்க வேண்டாங்க மேடம்" என்றாள் கனிஷ்கா. அழுது வீங்கிய முகம், ஆனால் குரல் உடையவில்லை. "அன்னிக்கு மத்தியானம் நான் வந்து கதவைத் தட்டுனனா இல்லியான்னு இவங்களைக் கேளுங்க."

வராந்தா முழுக்க ஆட்கள் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. சொன்னால் சங்கத்தில் நூல் கிடைக்காது, அன்றைக்குச் சொன்ன பொய்க்குப் பதில் சொல்ல வேண்டும், சாகும்வரைக்கும் இந்த ஊரில் இந்த முகத்தோடு இருக்க வேண்டும், எல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ருக்மணி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"தட்டுச்சுங்க" என்றாள். "தறி ஓடலை. நல்லாக் கேட்டுச்சு. நான்தான் பாத்துட்டுத் திரையை இழுத்து உட்டுட்டேன்." அவளுக்கு அழுகை வெடித்தது, கனிஷ்காவைக் கட்டிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

கனிஷ்கா ஒரு எட்டு பின்னால் போனாள். "அழுகறதை அப்புறம் வெச்சுக்கலாங்க்கா. மொதல்ல கையெழுத்துப் போடுங்க."

பரமேஸ்வரி எழுதினார், ருக்மணி கையெழுத்துப் போட்டாள். வரதராசு ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கனிஷ்கா அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"அடுத்த ஊடு" என்றாள்.

அர்த்தநாரி தோள் துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்து, "தட்டுச்சுங்க, எனக்கும் கேட்டுச்சு" என்றார். கூட்டத்தின் பின்னால் ஞானமூர்த்தி மெல்லப் படியிறங்கப் பார்த்தார்.

"சார், உங்க ஊடும் இருக்குதுங்க. போயிராதீங்க" என்றாள் கனிஷ்கா. அவர் நின்றார். அர்த்தநாரி கையெழுத்துப் போட்டு முடிக்கும் வரைக்கும் அவள் காத்திருந்து, மறுபடியும் வராந்தாவைப் பார்த்தாள்.

"அடுத்த ஊடு."